வியாழனுக்கு மாற்றப்பட்ட மன்றாட்டு

செப்டம்பர் 3, புதன்

கிறிஸ்துவுக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். சென்ற ஞாயிறு நம் சபையின் ஜெபக் குழு கூடி, மூன்று மணி நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, மன்றாட்டு ஜெபத்தைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்கு மாற்றுவதென்று தீர்மானித்தது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு இரண்டு. ஓய்வுபெற்ற தபால்கார அண்ணன் கண்களை மூடியிருந்தார். அதைத் தியானமாக எடுத்துக்கொண்டோம். செவ்வாய் மாலைகளில் கூடம் தனக்குத்தான் வேண்டும் என்று பாடகர் குழுத் தலைவி பிடித்த பிடியை விடவில்லை. பிறருக்காகக் கேட்கும் ஜெபம் இருபத்திரண்டு வருடம் செவ்வாயில் நின்றது. அதை நகர்த்திய தீர்மானத்தைச் செயலர் என்ற முறையில் நான்தான் எழுதினேன்.

ஒன்றை நகர்த்தினால் எல்லாம் நகரும் என்பது ரயில்வே கால அட்டவணை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். ஆகவே புதிய ஒழுங்கு: திங்கள் துதி, செவ்வாய் நன்றி, புதன் பாவ அறிக்கை, வியாழன் மன்றாட்டு, வெள்ளி விண்ணப்பம், சனி மௌனம். எந்த ஜெபமும் இன்னொன்றின் தண்டவாளத்தில் ஏறாது. மன்றாட்டுப் பட்டியலில் நீ பதினேழாம் எண்ணிலேயே இருக்கிறாய். உன் எண் மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என்ன காரணம் என்று நீ சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் மட்டும் சொன்னேன்.

ஆண்டவரே, இந்த வீட்டில் அடியேன் தனியே உண்ணும் கருகிய ரொட்டிக்காக ஸ்தோத்திரம். இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்களின் இருதயத்தில் நீர் பேசுவீராக. ஆமென்.

உன் கணவன்,
செயலர், ஜெபக் குழு

*

செப்டம்பர் 7, ஞாயிறு

உங்களுக்கு,

இஸ்திரிப் பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிறது. இதற்குக் கடவுளைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். என்னைக் கேட்டிருக்கலாம்.

பத்தொன்பது வருடத்தில் நீங்கள் என்னிடம் நேராக எதையும் கேட்டதில்லை என்று தங்கைதான் சொன்னாள். "சும்மா இருடி, அதெப்படி" என்றேன். அன்று முழுக்க யோசித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்று நினைவுக்கு வந்தது. "குடை எங்க?" நல்ல மழை, உங்களுக்கு அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது.

மற்றதெல்லாம் மேலே போய்த்தான் எனக்கு இறங்கி வந்திருக்கிறது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் நன்றி ஜெபம். "உப்பில்லாவிட்டாலும் இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, உப்பே காணாத ஜனங்களை நினைச்சுப் பாக்கிறோம்." நான் எழுந்து போய் உப்பை எடுத்து வருவேன். வைத்த பிறகுதான் ஆமென் விழும். சட்டை வேண்டுமென்றால் விண்ணப்பம். பாவ அறிக்கை எப்போதும் பன்மையில்: "எங்கள் கோபத்தை மன்னியும்." யாருடைய கோபம் என்று கேட்க முடியாது, கண் மூடியிருக்கும். சண்டை முற்றினால் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம். ஆசீர்வாதத்துக்கு எதிர்ப்பேச்சு பேசும் வழியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மௌன ஜெபத்தை என் அம்மா வந்து தங்கும் நாட்களுக்கென்று வைத்திருந்தீர்கள்.

இதெல்லாம் பழகிப்போனது. பழகாத ஒன்றுக்காகத்தான் கிளம்பினேன்.

கட்டி இருப்பதை உங்களிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னேன். நீங்கள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. இரண்டாவது ஷூவையும் கட்டி முடித்து, "கர்த்தர் பெரியவர்" என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். டாக்டரிடம்கூட நான் இன்னும் போயிருக்கவில்லை. அன்று மாலையே பட்டியல் நகலெடுத்து முப்பத்தொரு பேர் கையில் இருந்தது. "17. சகோதரி. மார்பில் கட்டி. இடது பக்கம்." இடது பக்கம் என்று எதற்கு எழுதினீர்கள்? கடவுளுக்கு வழி தெரியாமல் போய்விடும் என்றா?

மறுநாள் நான் வேலை செய்யும் பல் லேபுக்குப் பல் செட் வாங்க வந்த பாடகர் குழுத் தலைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "தைரியமா இரும்மா, உனக்காகத்தான் முழங்கால்ல நிக்கிறோம்" என்றார். எங்கள் லேப் அலமாரியில் உங்கள் குழுவில் ஆறு பேருடைய வாய்கள் பிளாஸ்டர் அச்சாக வரிசையில் இருக்கின்றன. எந்தப் பல் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே அழுக்குத் தங்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் மார்பு அந்த வாய்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் போய்வந்திருக்கிறது என்று நினைத்தேன். கையில் இருந்த மெழுகை வைத்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன். வாந்தியும் பட்டியலில் ஏறிவிடுமோ என்று தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் எடுத்தேன்.

இனி விஷயம். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் நல்ல கட்டி இல்லை என்று வந்திருக்கிறது. அளவு ஒன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். அக்குளில் ஒன்றும் இல்லை. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். செப்டம்பர் 16, செவ்வாய், காலை எட்டு மணிக்கு. படிவத்தில் "உடனிருப்பவர்" என்று ஒரு இடம் இருந்தது. தகவல் எல்லாம் அவருக்குத்தான் சொல்வார்களாம். தங்கை "என் பேரைப் போடுக்கா" என்றாள். நான் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வாருங்கள். வெளியே நாற்காலி போட்டிருக்கிறார்கள், அதில் உட்காருங்கள். வாய்விட்டு ஜெபிக்க வேண்டாம். ஃபோனில் அழைக்கவும் வேண்டாம். எடுத்ததும் ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள், கையில் ஃபோனோடு நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

*

செப்டம்பர் 11, வியாழன்

கிறிஸ்துவுக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள கடுமையை வியாதியின் கணக்கில் எழுதிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியும் கிடைத்தது. கர்த்தர் பதில் தந்தார்.

16-ஆம் தேதி பற்றி. அது செவ்வாய்க்கிழமை என்பதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை. புதிய ஒழுங்கின்படி செவ்வாய் நன்றிக்கு உரியது. அறுவை சிகிச்சைக்கு முன்பே எதற்கென்று நன்றி சொல்வது? அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம்தான். ஆனால் தீர்மானம் எழுதிய மை காயுமுன் செயலரே தன் வீட்டுக்காக வளைத்தார் என்று பாடகர் குழுத் தலைவி சொல்வார். அவருக்கு இப்போது பற்கள் நன்றாகப் பொருந்திவிட்டன. எதையும் சொல்வார்.

இந்தச் சங்கடத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்தே அழைப்பு வந்தது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பேசிய பெண் மிக மரியாதையாக, "செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் உறுதிதானுங்களா? நீங்கதானே கூட இருக்கிறவர்?" என்று கேட்டாள். "வியாழக்கிழமையா மாத்திக்க முடியுமாம்மா?" என்றேன். "அந்த டாக்டருக்கு வியாழக்கிழமை தியேட்டர் கிடையாதுங்க. அப்போ செவ்வாய்க்கிழமையை ரத்து பண்ணிடவா?" என்றாள். "கர்த்தர் வழிநடத்துவார்மா" என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டாள். அந்தச் "சரிங்க" என்ற சொல்லில் பெரிய சமாதானம் உண்டாயிற்று.

எனவே 18-ஆம் தேதி வியாழக்கிழமை உனக்காக இருபத்து நான்கு மணி நேரச் சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம். அட்டவணை அச்சுக்குப் போய்விட்டது. அது முடிந்து வெள்ளிக்கிழமை நான் புறப்படுவது பற்றி யோசிக்கலாம்.

ஆண்டவரே, தன் கணவன்மேல் வீசப்பட்ட வார்த்தைகளுக்காக அவள் வருந்தும் நாளில் அவளைத் தேற்றும். ஆமென்.

உன் கணவன்,
செயலர், ஜெபக் குழு

*

செப்டம்பர் 17, புதன்

உங்களுக்கு,

உங்கள் 11-ஆம் தேதிக் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. முந்தாநாளே வந்திருந்தால் பட்டினி கிடந்திருக்க மாட்டேன்.

நேற்று ஆறரை மணிக்கே தங்கையும் நானும் போய்விட்டோம். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வளையலைக் கழற்ற வராமல் சோப்பு போட்டுக் கழற்றினேன். கவுண்டரில் இருந்த பெண் பதிவேட்டில் விரலை ஓட்டினாள். பிறகு இன்னொரு முறை ஓட்டினாள். "உங்க பேரு இன்னிக்கு இல்லையே" என்றாள். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "உறவினர் ரத்து செய்தார்."

"எந்த உறவினர்?" என்று தங்கை கேட்டாள்.

"வீட்டுக்காரர்னு போட்டிருக்கு. வியாழக்கிழமை வேணும்னாராம். எதுக்குங்க, நல்ல நாள் பாக்கிறீங்களா?"

தங்கை வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். நல்ல நாள் பார்ப்பவர்களை நீங்கள் எவ்வளவு கேலி செய்வீர்கள் என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் அப்போது பச்சை உடையில் தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருந்தார். வயதானவர், பயந்திருந்தார், எனக்குக் கையசைத்தார். அடுத்த இடம் நவம்பர் 4. நடுவில் டாக்டர் ஒரு மாதம் பயிற்சிக்குப் போகிறார். வேறு டாக்டர்களின் பட்டியல் அதற்கும் பின்னால் நீள்கிறது. தங்கை மூன்று மேசைகளில் சண்டை போட்டாள், ஒரு மேசையில் அழுதாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கால் ஆடுகிறது.

உங்கள் சங்கிலி ஜெபத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நாளைக்கு என்னை யாரும் வெட்டப்போவதில்லை.

*

செப்டம்பர் 20, சனி

கிறிஸ்துவுக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் இன்று வந்தது. சங்கிலி ஜெபம் 18-ஆம் தேதியே நடந்துவிட்டது. முன்பே வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. இருபத்து நான்கு பெயர்களும் அச்சாகிவிட்டன, எல்லோரும் அவரவர் வேலையில் விடுப்புச் சொல்லிவிட்டார்கள்.

தபால்கார அண்ணன் தன் ஒரு மணி நேரத்தைப் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டார். அவரைச் சபையில் அவசர ஆமென் என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். மீதி நாற்பத்தொன்பது நிமிடம் சங்கிலி அறுந்ததாகக் கணக்கா என்று தலைவி கேள்வி எழுப்பியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் விவாதிப்போம்.

என் முறை பிற்பகல் மூன்று மணி. கூடத்தில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது. முழங்காலிட்டு முறைப்படி தொடங்கினேன். துதி வந்தது, நன்றி வந்தது. பாவ அறிக்கையில் "நாங்கள்" என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. அதற்கு மேல் ஓடவில்லை. எத்தனை நிமிடம் அப்படி இருந்தேன் என்று குறிக்கவும் இல்லை. கடைசியில் வாயிலிருந்து "ஐயோ" என்று ஒரு சொல் வந்தது. அது எந்த வகை ஜெபத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் "மன்றாட்டு" என்றே எழுதினேன்.

உன் இடம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஆண்டவரே, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஞானத்தைக் கொடும். அவளிடம் நீர்

மேலே ஓடவில்லை. மன்னிக்கவும். ஆமென்.

உன் கணவன்

*

செப்டம்பர் 28, ஞாயிறு

உங்களுக்கு,

அந்த "ஐயோ" நல்ல ஜெபம். நீங்கள் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். யாருக்காகச் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. பரவாயில்லை.

எனக்கு ஜெபத்தின்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று சபையில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இங்கே காலையில் எழுந்ததும் கை தானாகக் கட்டியிடம் போகிறது. அப்போது "இரு, இரு" என்று சொல்கிறேன். கட்டியிடம் சொல்கிறேனா, கடவுளிடமா, என்னிடமா என்று பிரித்துப் பார்த்ததில்லை. இதற்குக் கிழமை கிடையாது. நம் ஊர் லேபில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்ததால், இங்கே ஒரு லேபில் பகுதிநேரம் போகிறேன். நேற்று ஒருவருக்கு முழு செட். அவர் எட்டு மாதமாகக் கஞ்சி மட்டும் குடிக்கிறாராம். கீழ்த்தாடையைச் சரியாகப் பொருத்தி முடித்தபோது என் வாயில் ஒரு வார்த்தையும் இல்லை, ஆனால் மனசு குனிந்திருந்தது. நான் அறிந்த ஜெபம் இவ்வளவுதான். இதை வைத்து முப்பத்தொரு பேரைக் கூட்ட முடியாது.

கட்டியைத் தேட வேண்டியதில்லை இப்போது. போன மாதம் விரலை அழுத்தினால்தான் தட்டுப்படும். இப்போது பிரா போடும்போதே தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். "நான்" என்று தொடங்கட்டும். "உன்னிடம்" என்று அதில் இருக்கட்டும். நடுவில் ஆண்டவர் வேண்டாம், அவருக்கும் ஓய்வு வேண்டும். தபால் அட்டை போதும். அது வந்தால் நவம்பர் 4-க்கு உங்கள் பெயரே படிவத்தில் இருக்கும். தங்கை என்னைப் பைத்தியக்காரி என்கிறாள். "அந்த மனுஷன் இன்னும் எதைத்தான் பண்ணணும்கா, நீ திருந்துறதுக்கு?" என்று கேட்கிறாள். நான் அட்டைக்காகக் காத்திருக்கிறேன்.

*

அக்டோபர் 24, வெள்ளி

கிறிஸ்துவுக்குள் அன்பான மனைவிக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தபால் அட்டை வாங்கினேன். ஏழு வாங்கினேன். ஏழும் என் மேசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் "நான்" என்று இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் அப்பாவும் என் அம்மாவிடம் அப்படித்தான் பேசுவார். அதைப் பக்தி என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இனி ஒரு நற்செய்தி. பாடகர் குழுத் தலைவிக்குப் புதன்கிழமைதான் குரல் நன்றாக வருகிறதாம். எனவே செவ்வாய் மாலைக் கூடம் காலியாகிவிட்டது. நேற்றைய கூட்டத்தில் மன்றாட்டை மறுபடி செவ்வாய்க்கிழமைக்கே மாற்ற ஒருமனதாகத் தீர்மானித்தோம். இந்த முறை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது பார், நவம்பர் 4 என்ன கிழமை? செவ்வாய். எல்லாம் எப்படிப் பொருந்தி வந்திருக்கிறது. செப்டம்பரில் நடந்திருந்தால் மன்றாட்டு இல்லாத நாளில் நடந்திருக்கும்.

அன்று காலை எட்டு மணிக்கே கூடத்தில் சிறப்பு மன்றாட்டு. நடத்த வேறு ஆள் இல்லாததால் நானே நடத்த வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கே வர இயலாது. நீ புரிந்துகொள்வாய்.

நீ கேட்ட வாக்கியம். நான் உன்னிடம் சொல்ல விரும்புவது என்னவென்றால், ஆண்டவரே, எங்கள் குறைகளை நீர் அறிவீர், இந்தக் குடும்பத்தில் மன்னிக்கும் மனதை எல்லோருக்கும் தாரும். ஆமென்.

உன் கணவன்,
செயலர், ஜெபக் குழு

*

நவம்பர் 17, திங்கள்

உங்களுக்கு,

அறுவை சிகிச்சை 4-ஆம் தேதி காலை எட்டேகாலுக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிந்தது. தங்கை தன் கடையைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆடுகிற காலுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்தாளாம். படிவத்தில் பெயரை மாற்ற ஒரு நிமிடம்தான் ஆனது.

இஸ்திரிப் பெட்டியின் வயர் பிளக் பக்கத்தில் உள்ளே அறுந்திருக்கிறது. போட்டதும் பொறி வரும். பார்த்துப் பயன்படுத்துங்கள். மருந்து ஏற்றுவது டிசம்பர் 1-இல் ஆரம்பம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு. இங்கேயே இருக்கப் போகிறேன். இங்குள்ள லேபில், முடிந்த நாட்களில் வந்தால் போதும் என்றார்கள்.

பட்டியலில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே எழுத விவரம் தேவைப்படும். பரிசோதனைச் சீட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

செப்டம்பர்: இடது மார்பு. கட்டி 1.9 செ.மீ. அக்குளில் பரவல் இல்லை.

நவம்பர்: இடது மார்பு முழுவதும் அகற்றப்பட்டது. கட்டி 3.6 செ.மீ. அகற்றப்பட்ட அக்குள் சுரப்பிகள் பதினான்கு. அவற்றில் ஐந்தில் பரவல்.